வாழையா, பப்பாளியா: வளரும் நுனி எங்கே இருக்கிறது?

வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம், ஆனால் ஒரு வருஷத்துக்குள் பழம் பார்க்க வேண்டும் என்றால் தேர்வு சட்டென்று சுருங்கிவிடும். மாவும் பலாவும் பல வருஷம் காக்க வைக்கும். மிஞ்சுவது பெரும்பாலும் வாழையும் பப்பாளியும்தான். இரண்டையும் மரம் என்று சொல்கிறோமே தவிர, மரத்துக்குரிய கெட்டியான கட்டை இரண்டிலும் கிடையாது. பெரிய இலை, வேகமான வளர்ச்சி, உறைபனி என்றால் ஆகாது என்று மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே ரகம்தான். ஆனால் வளரும் நுனியை எங்கே வைத்திருக்கின்றன என்பதில் இரண்டும் நேர் எதிர். பராமரிப்பில் உள்ள வித்தியாசங்களில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

வாழையில் நாம் பார்க்கிற பருத்த தண்டு, தண்டே அல்ல. இலைகளின் அடிப்பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகச் சுற்றி உருவான பொய்த்தண்டு அது. உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. வளரும் நுனி அந்தக் கிழங்கின் உச்சியில், ஏறக்குறைய தரைமட்டத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு புது இலையும் அங்கே பிறந்து, சுருண்டபடியே நடுவழியாக மேலேறி, வெளியே வந்து விரிகிறது. இளம் வாழையை இடுப்பு உயரத்தில் வெட்டிவிட்டாலும், ஓரிரு நாளில் வெட்டுவாயின் நடுவிலிருந்து குருத்து மறுபடி எட்டிப் பார்ப்பது இதனால்தான்.

ரகத்தைப் பொறுத்து 30 முதல் 40 இலை வரை விட்ட பிறகு, அந்த நுனி இலை செய்வதை நிறுத்திவிட்டுப் பூங்கொத்தாக மாறுகிறது. பொய்த்தண்டுக்குள் இருக்கும் வெள்ளைத் தண்டு, பூவை மேலே தூக்கிக்கொண்டு வரும் காம்புதான். பூக்கும் பருவத்துக்கு வராத வாழையைப் பிளந்தால் அது இருக்காது. இந்த மாற்றத்துக்குத் திரும்பிப் போகும் வழி இல்லை. ஆகவே ஒரு தண்டுக்கு ஒரு தார், அவ்வளவுதான். பூ வந்த பிறகு புது இலையும் வராது, இருக்கிற இலைகள்தான் தாரை நிரப்பியாக வேண்டும். குறைந்தது எட்டு நல்ல இலையாவது நிற்க வேண்டும். பூத்த வாழையில் இலை அறுப்பவர்கள், தெரியாமலே காயின் பருமனை அறுக்கிறார்கள் என்பேன்.

பூங்கொத்தில் முதலில் வருபவை பெண்பூக்கள். அவைதான் சீப்புகளாகின்றன. கடைசிச் சீப்புக்குக் கீழே தொங்குவதில் ஆண்பூக்களே இருக்கும், அதை ஒடித்துவிட்டால் தாருக்கு நஷ்டமில்லை. மகரந்தச் சேர்க்கை பற்றியும் கவலை வேண்டாம். பயிரிடும் வாழைகளில் பெரும்பாலானவை மும்மடங்கு குரோமோசோம் தொகுதி கொண்டவை, மொத்தம் 33. மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாது, அதனால் விதையும் உருவாவதில்லை. விதை இல்லாமலே காய் பருக்கும் குணம் இருப்பதால் ஒற்றை வாழை போதும்.

விதைக்குப் பதிலாகக் கிழங்கிலிருந்து பக்கக் கன்றுகள் வருகின்றன. குறுகலான, ஈட்டி போன்ற இலையுடன் வரும் கன்று தாய்க்கிழங்கோடு உறுதியாக ஒட்டியிருக்கும், அதுதான் நல்லது. சின்ன வயதிலேயே அகன்ற இலை விரிக்கும் நீர்க்கன்று பலவீனமானது. தாயோடு ஒரு பாதி வளர்ந்த கன்று, ஒரு இளங்கன்று, அவ்வளவு மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிட்டால் தார் சிறுக்காது. வரும் கன்று தாயின் அசல் நகல். என்ன பழம் வரும் என்பது நடும்போதே தெரியும்.

பப்பாளிக்கு வளரும் நுனி உச்சந்தலையில் இருக்கிறது. கிளையில்லாத ஒற்றைத் தண்டு, உள்ளே பொள்ளல். உச்சியில் இலை விட்டுக்கொண்டே போகும், ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் பூ வைக்கும். இலை வரும் வரை பூவும் உண்டு என்பதால், ஒரே செடியில் மேலே மொட்டும் நடுவே பிஞ்சும் கீழே பழமும் சேர்ந்தே இருக்கும். மூன்று வருஷத்தில் பழம் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுவதுதான் தொல்லை. நுனியை ஒடித்தால் பக்கக் கிளைகள் வரும், ஆனால் பழைய தெம்பு இருக்காது. அப்போது புதுச்செடி வைப்பதே மேல்.

சரி, பப்பாளியின் உண்மையான சிக்கல் பாலினம். இதில் பெண்செடி, ஆண்செடி, இருபால்செடி என்று மூன்று உண்டு. இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருந்தால் பெண், ஒரு எக்ஸும் ஒரு ஒய்யும் இருந்தால் ஆண். ஒய்யில் சற்று மாறுபட்ட இன்னொரு வடிவம் இருக்கிறது, அது எக்ஸோடு சேர்ந்தால் இருபால். நீண்ட வடிவப் பழம் இருபால்செடியில் காய்ப்பது, பெண்செடியில் காய்ப்பது உருண்டையாக இருக்கும். இருபால் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும், அதனால் ஒற்றைச் செடி வைப்பவருக்கு அதுதான் வேண்டும். அப்படி வந்த விதைகளில் நான்கு சேர்க்கைகள் சாத்தியம்: ஒரு பங்கு பெண், இரண்டு பங்கு இருபால், ஒரு பங்கு எக்ஸே இல்லாதது. கடைசிப் பங்கு கருவிலேயே இறந்துவிடும். மிஞ்சுவது மூன்றில் இரண்டு இருபால், ஒன்று பெண். ஆண் வராது.

ஒரு குழிக்கு மூன்று செடி வைக்கச் சொல்வதன் கணக்கு இதுதான். மூன்றும் பெண்ணாகிவிட 27இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. நான்கு முதல் ஆறு மாதத்தில் பூ வந்ததும் நல்ல இருபால்செடி ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டிவிடலாம். அதற்கு முன்பு இலையையோ தண்டையோ பார்த்துப் பாலினம் சொல்ல முடியாது. நீண்ட காம்பில் கொத்துக் கொத்தாகத் தொங்கினால் அது ஆண்பூ. விதையை நடும் முன் அதைச் சுற்றியுள்ள வழவழப்பான உறையைத் தேய்த்துக் கழுவுங்கள், அது முளைப்பைத் தடுக்கும். இருபால்செடியும் நிரந்தரமாக நம்பத்தக்கதல்ல. கடும் வெயிலில் பூவின் சூலகம் சுருங்கி, சில வாரம் காயே பிடிக்காமல் போகும். அதைப் பார்த்துச் செடியை வெட்டிவிடாதீர்கள்.

விதை போட்டு வளர்க்கும் இந்தச் சீட்டுக்குலுக்கலில் ஒரு லாபமும் இருக்கிறது. பப்பாளியை அழிக்கும் வளையப்புள்ளி வைரஸ் அசுவினிப் பூச்சி வழியாகத்தான் பரவும், விதை வழியாக அல்ல. ஹவாயின் பூனா பகுதியில் 1992இல் அது நுழைந்து தோட்டங்களைச் சீரழித்தது. மரபணு மாற்றிய ரகங்கள் 1998இல் வந்த பிறகே அங்கே சாகுபடி மீண்டது. வாழையிலோ கன்றோடு நோயும் கூடவே வரும், முடிக்கொத்து வைரஸும் வாடல் நோயும் அப்படித்தான். கன்று வாங்கும் இடத்தில் தாய்வாழையையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இடத்தைத் தீர்மானிப்பது தண்ணீர். பப்பாளி வேருக்குக் காற்று வேண்டும், இரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலே செடி போய்விடலாம். மேட்டுப் பாத்திதான் அதற்குச் சரி. வாழையும் சேற்றில் நிரந்தரமாக நிற்காது, ஆனால் அந்த அகன்ற இலைகள் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால் எப்போதும் ஈரம் கேட்கும். குளியலறை நீர் வழிந்து வடியும் மூலை என்றால் யோசிக்காமல் வாழை வைப்பேன். மேடான, நல்ல வெயில் இடம் என்றால் பப்பாளி, அதுவும் மாதக்கணக்கில் தொடர்ந்து பழம் வேண்டும் என்பவர்களுக்கு.

அறுவடையிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. முற்றிய பச்சை வாழைக்காயின் சதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாவுச்சத்துதான். பறித்த பிறகு அது சர்க்கரையாக மாறும், எனவே பச்சையாக வெட்டினாலும் இனிக்கும். பப்பாளிக்காயில் அப்படிச் சேமித்த மாவு கிடையாது. இனிப்பு முழுக்கச் செடியிலிருந்துதான் வர வேண்டும். முழுப்பச்சையாகப் பறித்தால் மெத்தென்று ஆகுமே தவிர, சுவை சப்பென்றுதான் இருக்கும். தோலில் ஒரு மஞ்சள் கீற்று தெரியட்டும், கீறினால் வரும் பால் வெண்மை குறைந்து நீர்த்திருக்கட்டும், அப்புறம் பறியுங்கள்.