மூளையில் கஞ்சாவுக்கென்று இடம் இருக்கிறதா?

"டாக்டர், நம்ம மூளையிலேயே கஞ்சாவுக்கு ரிசெப்டர் இருக்காமே? அப்படின்னா உடம்புக்கு அது தேவைன்னுதானே அர்த்தம்?"

போதை மீட்பு சிகிச்சையில் இருக்கும் மனநல மருத்துவர்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. கேட்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், விவரமானவர்கள், தேடிப் படித்துவிட்டு வருபவர்கள். அவர்கள் சொல்வதில் முதல் பாதி உண்மை. அதனால் "சும்மா உளறாதே" என்று வாயடைக்க நான் ஒருபோதும் விரும்புவதில்லை. வாயடைத்தால் அடுத்த முறை வர மாட்டார்கள். அந்த ரிசெப்டர், அதாவது குறிப்பிட்ட வேதிப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி, எப்படிப் பிடிபட்டது, மூளையில் அதற்கு என்ன வேலை என்று உட்கார்ந்து விளக்கினால் இரண்டாவது பாதி ஏன் தவறு என்பது அவர்களுக்கே புரிந்துவிடுகிறது.

கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி.யைத் தனியே பிரித்து, அதன் வேதி அமைப்பை 1964இல் வெளியிட்டவர்கள் இஸ்ரேலின் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும். ஆனால் அது மூளையில் எதைத் தொட்டு வேலை செய்கிறது என்பது அதன் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் தெரியவில்லை. டி.எச்.சி. கொழுப்பில் கரையும், நரம்பணுவின் சவ்வும் கொழுப்பால் ஆனது. சவ்வில் கரைந்து அதைக் குலைப்பதுதான் போதைக்குக் காரணம், தனி ஏற்பி எதுவும் இருக்காது என்று பலர் நம்பினார்கள்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆலின் ஹவ்லெட் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. சுண்டெலியின் நரம்புக் கட்டி அணுக்களை வளர்த்து, அவற்றில் டி.எச்.சி. வகைப் பொருள்களைச் சேர்த்துப் பார்த்தார். அணுவுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற செய்திப்பொருளை உண்டாக்கும் நொதி மந்தமானது. ஒரே மூலக்கூறின், கண்ணாடிப் பிம்பம் போன்ற வலக்கை, இடக்கை வடிவங்களில் ஒன்று வலுவாக வேலை செய்தது, மற்றது அந்த அளவுக்குச் செய்யவில்லை. சவ்வில் கரைவதுதான் விஷயம் என்றால் இந்த வேறுபாட்டுக்கு வழியே இல்லை. ஆக, வடிவம் பார்த்துப் பிடிக்கும் புரதம் ஒன்று அங்கே இருந்தாக வேண்டும். 1988இல் அவரும் அவருடைய ஆய்வு மாணவர் வில்லியம் டிவேனும் குழுவினரும் சி.பி.-55,940 என்ற வலுவான செயற்கைப் பொருளில் கதிரியக்க அடையாளம் ஏற்றி, எலியின் மூளைத் திசுவில் அது ஏற்பியோடு போய் ஒட்டிக்கொள்வதைக் காட்டினார்கள். 1990இல் லிசா மட்சுடாவும் குழுவினரும் அந்த ஏற்பிக்கான மரபணுவையே பிரித்தெடுத்தார்கள். அதுதான் சி.பி.1. பெரும்பாலும் நோய் எதிர்ப்பு அணுக்களில் காணப்படும் சி.பி.2 1993இல் தெரியவந்தது.

சரி, செடியில் இருக்கும் பொருளுக்கு மூளை ஏன் ஏற்பி வைத்திருக்கிறது? வைத்திருக்கவில்லை என்பதுதான் பதில். 1992இல் மெக்கூலமின் ஆய்வகத்தில் பன்றியின் மூளையிலிருந்து ஆனந்தமைடு என்ற பொருளைப் பிரித்தார்கள். 1995இல் 2-ஏ.ஜி. என்ற இன்னொரு பொருள் தெரியவந்தது. இரண்டும் மூளை தானே தயாரிப்பவை. ஏற்பி இருப்பது இவற்றுக்காக. டி.எச்.சி.க்கு அதே இடத்தில் ஒட்டிக்கொள்ளும் வடிவம் வாய்த்திருக்கிறது, அவ்வளவே.

அந்தச் சொந்தப் பொருள் வேலை செய்யும் விதம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. வழக்கமாக ஒரு நரம்பணு செய்தியை அனுப்பும், அடுத்தது வாங்கிக்கொள்ளும். செய்தி அளவுக்கு மீறி வரும்போது, வாங்கும் நரம்பணு தன் சவ்விலிருந்தே 2-ஏ.ஜி.யை அந்த நிமிடமே தயாரித்து அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புகிறது. அது அனுப்புநரின் நுனியில் உள்ள சி.பி.1இல் போய் அமர்ந்ததும் அங்கே கால்சியம் நுழைவது குறைகிறது. செய்தியைச் சுமந்து செல்லும் நரம்பியக்கடத்தி வெளியாவதும் குறைகிறது. சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். நொதிகள் அதைச் சிதைத்துவிடும். 2001இல் தனித்தனியாக ஆய்வு செய்த சில குழுக்கள் இந்தப் பின்னோக்கிய செய்தியை நிரூபித்தன.

பால் பொங்கி வரும்போது அந்த ஓர் அடுப்பை மட்டும் தணிப்பது போன்ற வேலை இது. டி.எச்.சி. வந்தால் எல்லா அடுப்பும் ஒரே நேரத்தில், மணிக்கணக்கில் தணிந்து கிடக்கும்.

எந்தெந்த இடம் என்பதும் தெரியும். சி.பி.1 அடர்ந்திருக்கும் இடங்களில் நினைவைப் பதியும் ஹிப்போகாம்பஸ், அசைவை ஒழுங்குபடுத்தும் சிறுமூளை, பேசல் கேங்லியா ஆகியவை அடங்கும். என் முன்னால் ஒரு மாணவர் செய்தித்தாளை உரக்கப் படிக்கிறார்; பத்தியின் கடைசி வரிக்கு வரும்போது முதல் வரியில் என்ன இருந்தது என்று கேட்டால் விழிக்கிறார். புத்தி மழுங்கிவிட்டது என்று வீட்டில் திட்டு வாங்குகிறார். ஹிப்போகாம்பஸில் செய்தி பதியவே இல்லை என்று படம் வரைந்து காட்டியபோது அவருடைய அம்மாவின் குரல் மாறியது.

மூச்சை இயக்கும் மூளைத்தண்டுப் பகுதியில் சி.பி.1 மிகக் குறைவு. ஹெராயின் மூச்சை நிறுத்திக் கொல்வதுபோல கஞ்சா கொல்லாததற்கு இது முக்கியக் காரணம். "அப்போ ஆபத்தில்லை" என்று இதை வைத்து யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. பதின்ம வயதில் மூளையின் இணைப்புகள் இன்னும் செதுக்கப்பட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த வேலையில் சி.பி.1க்கும் பங்குண்டு. ஸ்வீடனில் 45,000க்கும் மேற்பட்ட ராணுவப் பயிற்சி இளைஞர்களைப் பின்தொடர்ந்து 1987இல் வெளியான ஆய்வில், 18 வயதுக்குள் 50 முறைக்கு மேல் கஞ்சா எடுத்தவர்களிடம் மனச்சிதைவு நோய், எடுக்காதவர்களைவிட ஆறு மடங்காக இருந்தது. மற்ற காரணிகளைக் கழித்தபோது அந்த அளவு குறைந்தது, மறையவில்லை. குடும்பத்தில் மனச்சிதைவு இருந்தால் நான் இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஏற்பியை அடைத்துப் பார்த்த கதையும் உண்டு. சி.பி.1ஐ மூடும் ரிமோனபன்ட் என்ற மருந்து உடல் பருமனுக்காக 2006இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. எடுத்துக்கொண்டவர்களில் பலருக்கு மனச்சோர்வு, சிலருக்குத் தற்கொலை எண்ணம். 2008இல் விற்பனை நிறுத்தப்பட்டது. நம் மனநிலையைத் தாங்கிப் பிடிப்பதில் இந்த ஏற்பிக்கு எவ்வளவு பங்கு என்பதை அது காட்டிவிட்டது.

என்னை இப்போது அதிகம் கவலைப்பட வைப்பவை செயற்கை கன்னாபினாய்டுகள், அதாவது சி.பி.1ஐத் தூண்டும்படி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட பொருள்கள். டி.எச்.சி. சி.பி.1ஐ ஓரளவுதான் தூண்டும்; இவற்றில் பல முழு வேகத்தில் தூண்டும். வலிப்பு, கடும் குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு, மரணம் வரை போயிருக்கிறது. வழக்கமான கஞ்சா சிறுநீர்ப் பரிசோதனையில் இவை அகப்படுவதில்லை. "டெஸ்ட் நெகட்டிவ், என் பையன் எதுவும் எடுக்கவில்லை" என்று நிம்மதியடையும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தினமும் எடுப்பவர்களின் மூளை, ஓயாத தூண்டலைத் தாங்காமல் சி.பி.1ஐக் குறைத்துக்கொள்கிறது. மூளையின் உள்ளே படம் எடுக்கும் பெட் (PET) ஸ்கேன் ஆய்வுகளில் இது கண்ணால் பார்க்கக் கிடைத்தது. நிறுத்திய ஏறக்குறைய நான்கு வாரங்களில் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதும் தெரிந்தது. இடைப்பட்ட நாட்கள்தான் சிரமம். தூக்கம் வராது, பசிக்காது, எரிச்சல் பொங்கும், பயங்கரக் கனவுகள் வரும். முதல் வாரத்தில் உச்சம். "நிறுத்தின பிறகுதான் இன்னும் மோசமாயிட்டான்" என்று குடும்பத்தார் சொல்வது இந்த நாட்களில்தான், பலர் மறுபடி எடுப்பதும் அப்போதுதான். அந்த வாரத்தில் வாக்குவாதம் வேண்டாம். இரவில் யாராவது கூடவே இருங்கள். தூங்கவே முடியாவிட்டால் மருத்துவரிடம் வாருங்கள்.

காதில் குரல் கேட்கிறது, எல்லோர் மீதும் சந்தேகம், வலிப்பு, நெஞ்சுவலி, வெந்நீரில் குளித்தால் மட்டும் அடங்கும் ஓயாத வாந்தி: இவற்றில் எது வந்தாலும் நான்கு வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். என்ன எடுத்தார், எப்போது எடுத்தார் என்பதை மறைக்காமல் அங்கே சொல்லுங்கள். மீதி பாக்கெட் கிடைத்தால் அதையும் கொண்டுபோங்கள்.