ஹிஸ்டோகிராம் – நிகழ்வுச் செவ்வகம்

தரவுகளைப் படமாக்கிப் பார்க்கத் தாமாகவே பழகுகிறவர்கள் தொடக்கத்திலேயே சந்திக்கும் சொல் ஹிஸ்டோகிராம்: அளவுகளைப் பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை என்று செவ்வகங்களால் காட்டும் படம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இது நிகழ்வுச் செவ்வகம். இலங்கைப் பாடநூல்களில் வலையுரு வரையம்.

சொல்லை உருவாக்கியவர் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன். 1890-களின் தொடக்கத்தில் லண்டன் கிரெஷாம் கல்லூரிச் சொற்பொழிவுகளில் பயன்படுத்தி, 1895-இல் அச்சில் கொண்டுவந்தார். ‘கிராம்’ என்பதற்குக் கிரேக்கத்தில் வரைவு, எழுத்து என்று பொருள். முன்பாதி எங்கிருந்து வந்தது என்பதில்தான் கருத்து வேறுபாடு. பாய்மரம், தறி, நெய்த வலை ஆகியவற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘ஹிஸ்டோஸ்’ என்பார்கள். ‘வரலாற்று’ என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் என்பாரும் உண்டு. இலங்கைச் சொல்லில் இருக்கும் ‘வலை’ முதல் வழியில் வந்தது போலத் தெரிகிறது.

சரி, இது எதைக் காட்டுகிறது? போர்ச்சுகல் பள்ளி மாணவர்களின் மதிப்பெண் தரவு ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. பாலோ கோர்தெஸ், அலிஸ் சில்வா இருவரும் தொகுத்தது; பழகுவதற்கு அருமையானது. கணிதப் பகுதியில் 395 மாணவர்கள், இறுதி மதிப்பெண் 20-க்கு. சராசரி 10-ஐ ஒட்டி வருகிறது. அதை மட்டும் பார்த்தால் எல்லாம் சாதாரணம். மதிப்பெண்ணுக்கு ஒரு செவ்வகமாக வரைந்து பாருங்கள். சுழியத்தில் 38 பேர் தனியாக உயர்ந்து நிற்பார்கள். 1, 2, 3 மூன்றும் காலி! முதல் பருவத்தில் சுழியம் வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. அப்படியானால் இந்த 38 பேர் தேர்வு எழுதினார்களா என்றே கேட்கத் தோன்றும். அப்புறம் பிரிவு இடைவெளியை, அதாவது ஒரு செவ்வகத்துக்குள் வரும் மதிப்பெண்களின் அகலத்தை, ஐந்தாக்குங்கள். சுழியக்காரர்களும் 4 வாங்கிய ஒரே ஒருவரும் சேர்ந்து, 39 பேராக ஒரே செவ்வகத்துக்குள் போய்விடுவார்கள். கேள்வியே எழாது.

பட்டை விளக்கப்படத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் பட்டைகள் தனித்தனி வகைகளுக்கு, இடைவெளி விட்டு நிற்கும். இதில் தொடர்ச்சியான அளவுகள் ஒட்டி நிற்கும். நிகழ்வெண்ணை, அதாவது ஒரு பிரிவில் எத்தனை என்பதை, சொல்வது செவ்வகத்தின் பரப்பு. பியர்சனின் விளக்கமும் பரப்பையே சொல்கிறது. அதனால்தான் நிகழ்வுச் செவ்வகம் என்பதையே நான் சிபாரிசு செய்வேன்: எதை எண்ணுகிறோம், என்ன வடிவம் வரைகிறோம் இரண்டும் பெயரிலேயே இருக்கின்றன. பிரிவு இடைவெளிகள் சமமாக இல்லாவிட்டால், நிகழ்வெண்ணை அகலத்தால் வகுத்து உயரத்தை வையுங்கள்.