டிக்கெட் போடும் முன் அந்த ஒன்பது இலக்கத்தை அழுத்திப் பாருங்கள்

போன வருடம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், அலுவலகத்தைப் பூட்டும் நேரத்தில் ஒரு தம்பதி வந்தார்கள். அவர் இங்கே நியூஜெர்சியில் ஒரு உணவகத்தில் தோசை மாஸ்டர். கும்பகோணம் பக்கம். அன்று காலையில்தான் அப்பா தவறிவிட்டதாக ஊரிலிருந்து போன். மூத்த மகன், கொள்ளி வைக்க வேண்டியவர். "அக்கா, டிக்கெட் பார்த்தாச்சு. காரியத்தை முடிச்சுட்டு, பதினாறாம் நாள் கழிச்சு புது விசா எடுத்து வந்துடலாமா? அதை மட்டும் சொல்லுங்க" என்று மனைவிதான் கேட்டார். அவர் வாயே திறக்கவில்லை.

2013-ல் விசிட்டர் விசாவில் வந்து, ஆறு மாதம் முடிந்தும் தங்கிவிட்டவர். 2018-ல் ஒரு ஏஜென்ட் "ஒர்க் பெர்மிட் போட்டுத் தருகிறேன்" என்று பணம் வாங்கிக்கொண்டு சில தாள்களில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். கார்டும் வந்தது. அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது.

நான் கார்டை வாங்கி, குடிவரவு நீதிமன்றங்களின் தானியங்கி எண்ணை ஸ்பீக்கரில் போட்டேன்: 1-800-898-7180. குடிவரவுத் துறை ஒவ்வொருவருக்கும் தரும் கோப்பு எண்ணான ஏ நம்பரின் ஒன்பது இலக்கங்களை அழுத்தினால், அந்தப் பெயரில் வழக்கு இருக்கிறதா, அடுத்த வாய்தா எப்போது, நீதிபதி என்ன தீர்ப்புச் சொன்னார் என்று எந்திரக் குரல் சொல்லும். அவருக்கு அது சொன்னது: நீதிபதி நாடுகடத்த உத்தரவிட்டிருக்கிறார். மனைவி என் முகத்தைப் பார்த்தார். மறுபடி அழுத்தினேன். அதே பதில்தான்.

நடந்தது இதுதான். ஏஜென்ட் போட்டது ஒர்க் பெர்மிட் மனு மட்டுமல்ல, ஊருக்குத் திரும்பினால் ஆபத்து என்று சொல்லிப் பாதுகாப்புக் கேட்கும் அடைக்கல மனுவும் (அசைலம்). அடைக்கலத்தை அமெரிக்கா வந்து ஒரு வருடத்துக்குள் கேட்டிருக்க வேண்டும். இவருக்கு ஐந்து வருடம் ஓடிவிட்டது. விசா முடிந்தவரின் அடைக்கல மனு ஏற்கப்படாவிட்டால் கோப்பு நேராக நீதிமன்றத்துக்குப் போகும், சம்மன் வரும். மனுவில் ஏஜென்ட் எழுதியிருந்தது தன்னுடைய முகவரி. அதனால் சம்மன் அங்கே போனது. வாய்தா அன்று இவர் தோசைக்கல்லின் முன்னால் நின்றிருக்கிறார். ஆள் வராததால் உத்தரவு போட்டுவிட்டார்கள்.

என்னிடம் வருகிறவர்களில் பலர், குற்றம் செய்தால்தான் நாடுகடத்துவார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வாய்தாவுக்குப் போகாமல் விட்டாலே போதும். இந்த நீதிமன்றத்தில் அரசு செலவில் வக்கீலும் கிடையாது; சொந்தப் பணத்தில் வைக்கலாம், இல்லாவிட்டால் தனியாக நிற்க வேண்டும். வழக்கு இருக்கும்போது வீடு மாறினால் 5 வேலை நாட்களுக்குள் இஓஐஆர்-33 படிவத்தில் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும். குடிவரவுத் துறைக்குத் தெரிவிப்பது வேறு, நீதிமன்றத்துக்குத் தெரிவிப்பது வேறு. ஒன்றைச் செய்துவிட்டு இரண்டும் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள்.

சரி, அவர் அன்று ராத்திரி விமானம் ஏறியிருந்தால்? நாடுகடத்தல் உத்தரவு நிலுவையில் இருக்கும்போது சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துக் கிளம்பினாலும், சட்டத்தின் பார்வையில் அவர் நாடுகடத்தப்பட்டவர். 10 வருடத் தடை விழும். அது தவிர, ஒரு வருடமோ அதற்கு மேலோ அந்தஸ்து இல்லாமல் தங்கியவர் நாட்டைவிட்டு வெளியேறினால் தனியாக ஒரு 10 வருடத் தடை உண்டு. 180 நாளைத் தாண்டி, ஒரு வருடத்துக்குள் தானாகக் கிளம்பினால் 3 வருடம். இது 1996-ம் வருடச் சட்டம். இங்கே இருக்கும்வரை இந்தத் தடை தூங்கிக்கொண்டிருக்கும், வெளியே காலை வைத்ததும் எழுந்துவிடும். நான் இதைச் சொன்னபோது அவர் முதல்முறையாகப் பேசினார்: "அப்போ சின்னவளுக்குப் பதினாறு வயசாயிடும்." அவளுக்கு அப்போது ஆறு.

அவருக்கு ஒரு வழி இருந்தது. நோட்டீஸ் கைக்கு வரவில்லை என்று வழக்கைத் திரும்பத் திறக்கக் கேட்கலாம். இதற்குக் காலக்கெடு இல்லை. விபத்து, கடும் நோய் போன்ற காரணத்தால் போக முடியாமல் போனவர்கள் என்றால் உத்தரவு வந்த 180 நாட்களுக்குள் கேட்க வேண்டும். இப்படி மனு போட்டால் நீதிபதி முடிவு சொல்லும்வரை நாடுகடத்தல் தானாகவே நிற்கும். வீட்டு வாடகை ஒப்பந்தம், பையனின் பள்ளிக்கூடக் கடிதங்கள், மின்சார பில் என்று அவர் உண்மையில் குடியிருந்த முகவரிக்கான அத்தனை காகிதத்தையும் சேர்த்துப் போட்டோம். மனு நிலுவையில் இருக்கிறது. அவர் கிளம்பியிருந்தால் அதைப் போட்டிருக்கவே முடியாது என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் இப்போதுபோல இங்கே குடும்பத்தோடு இருந்தபடி போட்டிருக்க முடியாது. அப்பாவின் காரியத்தை வாட்ஸ்அப்பில்தான் பார்த்தார். தம்பி கொள்ளி வைத்தார்.

2025 பிப்ரவரி 5 அன்று 104 இந்தியர்களை ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் இறக்கிய படங்கள் வந்த பிறகு, "இப்படி விலங்கு மாட்டிப் போறதுக்கு நாமளே போயிடலாமே" என்று கேட்டு நிறைய அழைப்புகள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அதே வருடம் மே மாதம், தானாகக் கிளம்புகிறவர்களுக்கு 1,000 டாலர் தருவதாக அரசு அறிவித்தது. அந்தப் பணத்தால் மேலே சொன்ன தடைகள் நீங்காது. நீதிபதியிடமே அனுமதி வாங்கித் தானாக வெளியேறும் முறை ஒன்று உண்டு. அதில் நாடுகடத்தல் உத்தரவு பதிவாகாது, அது பெரிய ஆறுதல்தான். ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியவருக்கு அந்த 10 வருடத் தடை அப்போதும் உண்டு. போக ஒப்புக்கொண்டு போகாமல் இருந்துவிட்டால் அபராதம், பிறகு 10 வருடம் பல நிவாரணங்களைக் கேட்கவே முடியாது. போவதே சரி என்று முடிவாகும் குடும்பங்களும் இருக்கின்றன. கணக்குப் போட்டுவிட்டுப் போகட்டும்.

மெக்சிகோ வழியாகத் திரும்பக் கூட்டிவருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். நாடுகடத்தப்பட்டவர் அனுமதியில்லாமல் திரும்ப வந்தால் அது சிறைக்குற்றம், பழைய உத்தரவையே தூசி தட்டி எடுத்து அனுப்பலாம். அதோடு நிரந்தரத் தடையும் விழும். வெளியே 10 வருடம் இருந்த பிறகுதான் அனுமதி கேட்கவே முடியும். எல்லையில் பிடிபட்டவருக்கு நீதிபதியைப் பார்க்கும் வாய்ப்பே இல்லாமலும் போகலாம். எல்லையிலிருந்து சுமார் 25 கஜ தூரத்தில் பிடிபட்ட ஒரு இலங்கைத் தமிழரின் வழக்கில், அதிகாரிகளே போட்ட விரைவு நாடுகடத்தல் உத்தரவை எதிர்த்து நீதிமன்றத்தில் கேட்க அரசியலமைப்பு அவருக்கு வழி தரவில்லை என்று 2020 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்புறம் பிள்ளைகள். "பசங்க இங்கே பிறந்தவங்க, நமக்கு ஒண்ணும் ஆகாது" என்பதை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். பிள்ளையின் குடியுரிமை அப்பா அம்மாவைக் காப்பாற்றாது. பிள்ளைக்கு 21 வயது ஆன பிறகுதான் பெற்றோருக்கு மனுப் போட முடியும். விசாவில் வந்து காலம் கடந்து தங்கிய பெற்றோர் என்றால், பொதுவாக அப்போது இங்கிருந்தே கிரீன் கார்டு கேட்கலாம். எல்லை தாண்டி வந்தவர் வெளியே போய்த்தான் வாங்க வேண்டியிருக்கும், போனதும் 10 வருடத் தடை. அந்தத் தடைக்கு விலக்குக் கேட்க, குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவன், மனைவி, அல்லது தாய் தந்தை படும் கஷ்டத்தைத்தான் காட்ட வேண்டும். பெற்ற பிள்ளையின் கஷ்டத்தை நேரடியாகக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். இத்தனை வருடத் தொழிலில் நான் ஏற்க முடியாத விதி இது. நாடுகடத்தலை ரத்து செய்யக் கேட்கும் மனுவில் மட்டும் பிள்ளையின் கஷ்டம் எடுபடும். அதற்கு 10 வருடம் இங்கே தொடர்ந்து இருந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், பிள்ளை படப்போவது வழக்கத்தைவிட மிக அதிகமான கஷ்டம் என்று நிரூபிக்க வேண்டும். நாடு முழுவதற்கும் வருடத்துக்கு 4,000 பேருக்குத்தான் அது.

அந்தத் தம்பதியிடம் அடுத்த வாரமே செய்யச் சொன்னவை: பிள்ளைகளுக்கு அமெரிக்க பாஸ்போர்ட். 16 வயதுக்குக் கீழே என்றால் இரண்டு பெற்றோரின் சம்மதமும் வேண்டும். ஒருவரைப் பிடித்து வைத்த பிறகு அந்தக் கையெழுத்துக்கு அலைந்த ஒரு தாயை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் இந்தியாவுக்குப் போக நேர்ந்தால் அவர்களுக்கு ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) அல்லது விசா தேவை, அதற்கும் இப்போதே போடலாம். அவர் இல்லாத நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து யார் கூட்டிவரலாம் என்று எழுதிக் கொடுங்கள். வங்கிக் கணக்கில் மனைவி பெயரையும் சேருங்கள். ஏ நம்பரை வீட்டில் இன்னொருவர் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்; பிடித்துக்கொண்டு போனால் எந்தத் தடுப்பு மையத்தில் வைத்திருக்கிறார்கள் என்று ஆட்களைப் பிடித்து நாடுகடத்தும் ஐஸ் (ICE) துறையின் இணையதளத்தில் தேட அதுவும் பிறந்த நாடும் போதும்.

ஒர்க் பெர்மிட் கார்டில் யூஎஸ்சிஐஎஸ் நம்பர் என்று அச்சாகியிருப்பதும் அதே ஏ நம்பர்தான். எட்டு இலக்கம் மட்டும் இருந்தால் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து அழுத்துங்கள். அந்தத் தானியங்கி எண் எந்த நேரத்திலும் எடுக்கும், உங்கள் பெயரைக் கேட்காது. வழக்கு இருப்பதாகச் சொன்னால், அதைக் குறித்துக்கொண்டு ஏஜென்ட்டிடம் போகாமல், லைசென்ஸ் உள்ள குடிவரவு வக்கீலிடம் அந்த வாரமே போங்கள்.