மாந்தோப்பில் தேன்பெட்டி: பூ முடிந்த பிறகுதான் வேலை

தோப்பில் தேன்பெட்டி வைக்கலாமா என்று யார் கேட்டாலும், நான் திருப்பிக் கேட்பது இதுதான்: "மாமரத்தைத் தவிர வேற என்ன பூக்குது?"

மா நம் பக்கம் பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை பூக்கும். அந்தப் பூவுக்கும் தேனீயைவிட ஈக்கள்தான் அதிகம் வரும். பூ ஓய்ந்தால் தேனீக்குப் பட்டினி. நாம் பெட்டியில் வளர்க்கும் நாட்டு ரகமான அடுக்குத் தேனீ பட்டினியைப் பொறுத்துக்கொண்டு கிடக்காது, பெட்டியைக் காலி செய்துவிட்டுக் கிளம்பிவிடும். பெட்டி விற்றவரைத் திட்டிப் பயனில்லை. வேலியோரம் புங்கை, வேம்பு, புளி, வீட்டுப் பக்கம் முருங்கை இருந்தால் சமாளிக்கலாம். ஊடே தென்னை இருந்தால் இன்னும் நல்லது, வருஷம் முழுக்கப் பாளை வெடிப்பதால் மகரந்தம் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

அடைமழைக் காலத்தில் சர்க்கரைப் பாகு கொடுத்தே ஆக வேண்டும். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு. ஆறியதும் கொட்டாங்கச்சியில் ஊற்றி, தேனீ உட்கார்ந்து குடிக்க நாலு காய்ந்த குச்சி மிதக்கவிடுங்கள். இல்லாவிட்டால் விழுந்து மூழ்கிவிடும். பொழுது சாய்ந்தபின் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பகலில் வெளியே வைத்தால் அடுத்த பெட்டித் தேனீ கொள்ளையடிக்க வந்துவிடும். தேன் வரத்து தொடங்கியதும் பாகை நிறுத்திவிட வேண்டும், அப்புறமும் ஊற்றினால் தேனறையில், அதாவது நாம் தேன் எடுக்கும் மேல் அடுக்கில், சேர்வது சர்க்கரைதான்.

எறும்பு ஏறாமலிருக்க, பெட்டி நிற்கும் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் போதும்.

பெரிய இழப்பு பூச்சிமருந்தால்தான். காலையில் பெட்டி வாசலில் தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தால், ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நாக்கு வெளியே நீட்டியிருந்தால் பெரும்பாலும் மருந்து பட்டதுதான். மாம்பூவின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பதைப் பூங்கொத்து தலைகாட்டும்போதே முடித்துவிட வேண்டும், பூ விரிந்தபின் அடிக்கக் கூடாது. சாயங்காலம் அடித்தால் தப்பு இல்லை என்பார்கள். இமிடாகுளோபிரிட் மாதிரி மரத்துக்குள் ஊடுருவும் மருந்துக்கு அது பொருந்தாது, பூந்தேனிலும் மகரந்தத்திலும் அது போய்ச் சேரும். பகல் முழுக்க வாசலை அடைத்து வைப்பதும் வேண்டாம், நம் வெயிலில் உள்ளே புழுங்கியே செத்துவிடும்.

பக்கத்துத் தோட்டக்காரர் மருந்தடிக்கப் போகிறார் என்று தெரிந்தால் முந்தின இரவே பெட்டியை எடுத்துவிடுங்கள். வாசலில் கம்பிவலை கட்டி, நாலைந்து கிலோமீட்டராவது தள்ளிக் கொண்டுபோங்கள். நூறடி நகர்த்தினால் தேனீ மறுநாள் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடும்.