அலகுள்ள செடிகள்

கோடையில் இரணைமடுவும் கட்டுக்கரைக்குளமும் வற்றி அலைகரை வெளிக்கும்போது மீன் பொறுக்க இறங்கும் கூட்டத்தில் நாரை நிற்கும், கொக்கு நிற்கும். ஆங்கிலத்தில் 'கிரேன்' எனப்படும் பறவை மட்டும் நிற்காது. நாங்கள் அதையும் கொக்கு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது வேறு குடும்பம், இலங்கையில் வசிப்பதில்லை. இந்த மூன்று பறவைகளையும் பிரித்துப் பார்த்தால்தான் ஒரு செடிக்குடும்பத்தின் பெயர்கள் பிடிபடும்.

கிரேக்கத்தில் 'ஜெரானோஸ்' என்றால் கிரேன், அதிலிருந்து ஜெரேனியம். 'பெலர்கோஸ்' நாரை; அதிலிருந்து பெலர்கோனியம். 'எரோடியோஸ்' கொக்கு, அதிலிருந்து எரோடியம். 1753இல் சுவீடனின் தாவரவியலாளர் லின்னேயஸ் எல்லாவற்றையும் ஜெரேனியம் என்றே எழுதினார். 1789இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே மற்ற இரண்டையும் பிரித்தெடுத்தார். பூச்செடி விற்பவர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை: சட்டியில் வைத்து ஜெரேனியம் என்று விற்பது பெரும்பாலும் பெலர்கோனியம்தான்.

மூன்றிலும் பெயருக்குக் காரணம் காய். பூ கொட்டியபின் நடுத்தண்டு நீண்டு, கூரான அலகாக நிற்கும். அதன் அடியில் ஐந்து விதைகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நார் தண்டோடு ஒட்டியபடி மேலே போகும். காயும்போது நாரின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடக் கூடுதலாகச் சுருங்கும். இழுவிசை ஏறி ஏறி, ஜெரேனியத்தில் நார் சட்டென வெளியே வளைந்து, வயலில் குருவி கலைக்கும் கவண்போல விதையை எறிந்துவிடும். எரோடியம் எறிவதோடு நிற்பதில்லை. நார் விதையோடு சேர்ந்தே கழன்று விழும். காய்ந்தால் சுருளும், நனைந்தால் நிமிரும். பகல் வெயிலும் இரவுப் பனியும் மாறிமாறிப் பட, விதை திருகித் திருகி மண்ணுக்குள் இறங்கும். இத்தனைக்கும் அந்த நார் செத்த கலங்களால் ஆனது. கலச்சுவரில் செலுலோசு இழைகள் சாய்வாகச் சுற்றியிருப்பதால் ஈரம் போகும்போது அது முறுக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். பெலர்கோனியத்தின் நாரில் மெல்லிய மயிர்கள் உண்டு. அது காற்றில் போகும்.

இதைப் பார்க்க எரோடியம் தேடி அலைய வேண்டாம். உடுத்திருக்கும் சாரத்தில் ஏறிய ஊசிப்புல்லைப் பிடுங்கி ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதன் வால் சுழலத் தொடங்கும். அதே வேலை, வேறு குடும்பம்.

கிரேனின் கால் இன்னொரு சொல்லுக்குப் போயிற்று. வம்சாவளியைக் குறிக்கும் 'பெடிகிரி', 'கிரேனின் கால்' என்ற பழைய பிரெஞ்சுத் தொடர். வம்சப் பட்டியலில் தந்தையிலிருந்து பிள்ளைகளுக்குப் பிரியும் மூன்று கோடுகள் பறவையின் விரல்களாகத் தெரிந்திருக்கின்றன. பாரந்தூக்கிக்குக் கிரேன் என்ற பெயரும் நீண்ட கழுத்தால் வந்ததே. கிரேக்கர்களே 'ஜெரானோஸ்' என்று இயந்திரத்தையும் அழைத்தார்கள். முதுகெலும்பின் கீழ்நுனியான 'கொக்சிக்ஸ்' கிரேக்கத்தில் குயில்; அதன் அலகுபோல இருப்பதால் வந்த பெயர். கோழிக்கொண்டைப் பூவில் தமிழும் ஆங்கிலமும் ஒரே சேவலைத்தான் பார்த்தன.

எல்லாப் பெயரையும் இப்படி நம்பிவிடவும் முடியாது. நாட்டு மருந்துக்குப் பயன்படும் பேராமுட்டியின் தாவரவியற் பெயர் பவோனியா. லத்தீனில் 'பவோ' என்றால் மயில் என்பதால் இலையிலும் பூவிலும் தோகையைத் தேடத் தோன்றும். அங்கே மயில் இல்லை. ஸ்பானிய தாவரவியலாளர் ஹோசே பவோனின் பெயர் அது.