லா ரிவ்யூன்னா என்ன, தமிழ்ல எப்படிச் சொல்றது

"அவர் ஹார்வர்டு லா ரிவ்யூல இருந்தவர்"னு அமெரிக்க நீதிபதி யாரைப் பத்திப் படிச்சாலும் ஒரு வரி வரும். நம்மாளுங்க இதைத் தமிழ்ல எழுதும்போது சட்ட விமர்சனம், சட்ட மறுஆய்வு, சட்ட மதிப்பீடுன்னு கைக்கு வந்ததைப் போட்டுடறாங்க. இதுல எதுவுமே சரி கிடையாது, ஏன்னா ரிவ்யூங்கிற வார்த்தை நம்ம ஊர்ல ஏற்கெனவே மூணு நாலு வேலை பாத்துட்டிருக்கு. சினிமாவுக்கு வந்தா விமர்சனம், புத்தகத்துக்கு வந்தா மதிப்புரை, கோர்ட்டுக்குப் போனா ரிவ்யூ பெட்டிஷன், அதாவது சீராய்வு மனு. அரசாங்கம் போட்ட சட்டம் அரசமைப்புக்கு ஒத்து வருதான்னு கோர்ட் பாக்கறது நீதிப் புனராய்வு, இலங்கைல மீளாய்வும்பாங்க. லா ரிவ்யூ இந்தக் குடும்பத்துலயே சேராது. அது ஒரு பத்திரிகை. சட்டக் கல்லூரிலேர்ந்து வர்ற ஆராய்ச்சிப் பத்திரிகை, அவ்ளோதான்.

வார்த்தையோட வேர் லத்தீன். 'ரெ'ன்னா மறுபடி, 'விடேரே'ன்னா பாக்கறது (வீடியோவும் இதே விடேரேதான்). அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து, மறுபடி பாக்கறது, பார்வையிடறதுன்னு அர்த்தம் விரிஞ்சு, 18-ஆம் நூற்றாண்டுலயே பத்திரிகைக்குப் பேரா ஒட்டிக்கிச்சு. 1802-ல ஆரம்பிச்ச எடின்பரோ ரிவ்யூ இதுல ரொம்பப் பிரபலம், புத்தகத்தை விமர்சிக்கிற சாக்குல அரசியல்லேர்ந்து பொருளாதாரம் வரைக்கும் நீளநீளமா கட்டுரை போடுவாங்க. அப்புறம் புத்தகம் கழண்டுபோச்சு, கனமான கட்டுரை வர்ற பத்திரிகைன்னா ரிவ்யூங்கிற அர்த்தம் மட்டும் நின்னுபோச்சு. அமெரிக்க சட்டக் கல்லூரிங்க எடுத்துக்கிட்டது அந்த அர்த்தத்தை.

இப்ப பென்சில்வேனியா பல்கலைக்கழக லா ரிவ்யூன்னு இருக்கிறது 1852-ல வேற பேர்ல ஆரம்பிச்சது, வயசுல அதுதான் மூத்தது. ஆனா இன்னைக்கு நாம லா ரிவ்யூன்னு சொல்ற அந்த வடிவம், அதாவது மாணவர்களே நடத்தறது, நிலைச்சு நின்னது 1887 ஏப்ரல்ல வந்த ஹார்வர்டு லா ரிவ்யூலதான். அதுக்கு முன்னாடி ஆல்பனிலயும் கொலம்பியாலயும் மாணவர்கள் முயற்சி பண்ணி, ரொம்ப நாள் ஓடல. ஹார்வர்டுல ஓடினதுக்கு ஒரு காரணம் லாங்டெல். 1870-ல டீனா வந்த அவர், சட்டத்தைப் பாடமா ஒப்பிக்க வெக்காம தீர்ப்புகளைக் கைல கொடுத்து நீயே கொள்கையைக் கண்டுபிடின்னு பழக்கினவர். அப்படிப் பழகின பசங்களுக்குத் தீர்ப்பைப் பிரிச்சு மேயறது அன்றாட வேலை, அதையே அச்சுல போட்டாங்க. காசுக்கும் ஆதரவுக்கும் பின்னாடி நின்னவங்கள்ல ஒருத்தர் பழைய மாணவரான லூயிஸ் பிராண்டைஸ், அப்ப பாஸ்டன்ல வக்கீல், 1916-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் நீதிபதியானார்.

இப்ப முக்கியமான விஷயம். டாக்டர் ஒருத்தர் மெடிக்கல் ஜர்னலுக்குக் கட்டுரை அனுப்பினா, அதே துறைல பழம் தின்னு கொட்டை போட்ட வேற டாக்டருங்க படிச்சுப் பாத்து ஏத்துக்குவாங்க. அமெரிக்க லா ரிவ்யூல அந்த வழக்கம் பெரும்பாலும் கிடையாது. எந்தக் கட்டுரை போகணும், எது குப்பைக்குன்னு முடிவு பண்றது ரெண்டாம் வருஷம் மூணாம் வருஷம் படிக்கிற ஜேடி (அங்கத்த சட்டப் பட்டம்) மாணவர்கள். முப்பது வருஷம் அரசமைப்புச் சட்டம் நடத்தின புரொபசர் எழுதினதை, அந்தப் பாடத்தைப் போன வருஷம்தான் எழுதி முடிச்ச பையன் வெட்டி ஒட்டுவான். நம்ம பாஷைல இது இன்னும் வேடிக்கையா வரும், பத்திரிகை நடத்தறவரும் ஆசிரியர், எழுதினவரும் ஆசிரியர், பாடம் நடத்தறவரும் ஆசிரியர், ஆக இங்க மாணவர்தான் ஆசிரியர், ஆசிரியர் அவர்கிட்ட கைகட்டி நிக்கிற ஆசிரியர்! அதனால தமிழ்ல எழுதறவங்க மாணவர்களைப் பதிப்பாசிரியர்னும் புரொபசரைக் கட்டுரையாளர்னும் பிரிச்சு எழுதறது நல்லது. 1990-ல ஒபாமா ஹார்வர்டு லா ரிவ்யூவோட பிரெசிடென்ட் ஆனார், அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். அங்க பிரெசிடென்ட்னா சங்கத் தலைவர் மாதிரி ஆள் இல்ல, முதன்மைப் பதிப்பாசிரியர். தலைமை ஆசிரியர்னு எழுதினா ஹெட்மாஸ்டர் ஆயிடுவார், அதுவும் வேண்டாம்.

சேர்றது லேசு இல்ல. முதல் வருஷ மார்க், அது முடிஞ்சதும் நடக்கிற எழுத்துப் போட்டி, இது ரெண்டையும் வெச்சுத்தான் எடுப்பாங்க, கல்லூரிக்குக் கல்லூரி விகிதம் மாறும். உள்ள போனா முதல்ல கெடைக்கிறது பெருமை இல்ல, அடிக்குறிப்பு சரிபாக்கற வேலை. கட்டுரையாளர் ஒரு வரி எழுதி ஒரு தீர்ப்பை மேற்கோள் காட்டினா, அந்தத் தீர்ப்பை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, அவர் சொன்னது அங்க இருக்கான்னு பாத்து, காற்புள்ளி எங்க வரணும் எது சாய்வெழுத்துன்னு புளூபுக் பாத்துத் திருத்தணும். புளூபுக்ங்கிறது மேற்கோள் காட்டற விதி நூல், 1926-ல 26 பக்கமா ஆரம்பிச்சு 2010 பதிப்புல 500 பக்கத்தைத் தாண்டிச்சு, ஹார்வர்டு, கொலம்பியா, பென்சில்வேனியா, யேல் நாலு கல்லூரி மாணவர்களும் சேந்து வெளியிடறாங்க. ரிச்சர்ட் போஸ்னர்னு ஒரு அப்பீல் கோர்ட் நீதிபதி இதைத் தூக்கி எறியணும்னு பல வருஷம் திட்டினார். எனக்கும் அவர் பக்கம்தான் சாயத் தோணுது. இவ்ளோ கஷ்டப்பட்டு ஏன் சேர்றாங்கன்னா, நீதிபதிகிட்ட கிளார்க்கா (ஆபீஸ் குமாஸ்தா இல்ல, தீர்ப்பு எழுத உதவற சட்ட உதவியாளர்) போறதுக்கும் பெரிய வக்கீல் கம்பெனில வேலைக்கும் ரெஸ்யூமேல லா ரிவ்யூன்னு ஒரு வரி இருந்தா கதவு தெறக்கும். அதனாலதான் "அவர் லா ரிவ்யூல இருந்தவர்"னு சொல்றப்ப பத்திரிகைல வேலை பாத்தார்ங்கிறதோட, வகுப்புலயே முன்வரிசைங்கிற அர்த்தமும் சேந்து வருது.

கட்டுரை அனுப்பற முறையும் தனி. மத்த துறைல ஒரே நேரத்துல ரெண்டு ஜர்னலுக்கு அனுப்பறது தப்பு. இங்க அம்பது இடத்துக்கு ஒண்ணா அனுப்பலாம். நடுத்தர கல்லூரி ஒண்ணு ஓகே சொன்னதும் அதைக் காட்டி மேல இருக்கிற கல்லூரிகளுக்கு, சீக்கிரம் படிச்சுச் சொல்லுங்கன்னு மெயில் போடுவாங்க, இதுக்குப் பேர் எக்ஸ்பெடைட். அங்க ஓகே ஆனா அதைக் காட்டி இன்னும் மேல. பொண்ணு பாக்க வந்தவன் அடுத்த வீட்டு வரனைக் காட்டி பேரம் பேசற கதைதான். நிறைய இடத்துல கட்டுரை எழுதினவர் பேர், எந்தக் கல்லூரின்னு எல்லாம் தெரிஞ்சே படிக்கிறாங்க, அதுவும் ஒரு பழைய புகார்.

புகார் இது ஒண்ணு இல்ல. யேல்ல சட்டப் புரொபசரா இருந்த ஃபிரெட் ரோடெல் 1936-லயே சொல்லிட்டார், சட்ட எழுத்துல கோளாறு ரெண்டே ரெண்டு, ஒண்ணு நடை, இன்னொண்ணு உள்ளடக்கம். 2011-ல அமெரிக்கத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், எந்த லா ரிவ்யூவை எடுத்தாலும் 18-ஆம் நூற்றாண்டு பல்கேரியாவுல சாட்சிய முறைமேல தத்துவ அறிஞர் கான்ட்டோட தாக்கம்ங்கிற மாதிரிதான் கட்டுரை இருக்கு, வக்கீலுக்கு என்ன பிரயோஜனம்னு கிண்டலடிச்சார். அவரே ஹார்வர்டு லா ரிவ்யூல மேனேஜிங் எடிட்டரா இருந்தவர்தான்.

ஆனா மொத்தமா பிரயோஜனமே இல்லன்னும் தள்ள முடியாது. 1890 டிசம்பர்ல அதே ஹார்வர்டு லா ரிவ்யூல சாமுவேல் வாரனும் பிராண்டைஸும் சேந்து அந்தரங்க உரிமை பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. கிசுகிசு எழுதற பத்திரிகை, சட்டுனு படம் புடிக்கிற கேமரா, இதுலேர்ந்து மனுஷனைத் தனியா விடறதுக்கு ஒரு உரிமை வேணும்னாங்க. (வாரனோட பொண்ணு கல்யாணத்தைப் பத்திரிகைக்காரங்க படம் புடிச்ச கோவத்துல எழுதினதுன்னு ஒரு கதை சுத்துது. வாரனுக்கே கல்யாணம் ஆனது 1883-ல, பொண்ணுக்கு எங்கேர்ந்து கல்யாணம்?) 1928-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த ஓம்ஸ்டெட் வழக்குல போன் ஒட்டுக்கேட்டது தப்பில்லன்னு பெரும்பான்மை நீதிபதிங்க சொன்னப்ப, பிராண்டைஸ் மாறுபட்ட தீர்ப்புல அதே கருத்தைத் திரும்ப எழுதினார், 1967-ல கோர்ட் அந்தப் பக்கம் வந்து சேந்துச்சு. நம்ம ஊருக்கும் இது வந்திருக்கு. ஆட்டோ சங்கர் சுயசரிதை விஷயமா நக்கீரன் தரப்பு போன 1994 வழக்குல, தனியா விடப்படறதுக்கான உரிமைன்னு இதே சொல்லைத்தான் நம்ம சுப்ரீம் கோர்ட் எடுத்துச்சு. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்ன 2017 புட்டசாமி தீர்ப்பு அந்தக் கட்டுரையையே பேர் சொல்லி விவாதிக்குது.

சரி, தமிழ்ல என்ன சொல்றது. லா ஜர்னல்னு போட்டுடலாமேன்னு தோணும், யேல்ல அதுக்குப் பேரே லா ஜர்னல்தான், 1891-லேர்ந்து. ஆனா அதே 1891-ல மயிலாப்பூர் வக்கீல்கள் ஆரம்பிச்சாங்களே மெட்ராஸ் லா ஜர்னல், அதனால நம்ம வக்கீல்களுக்கு லா ஜர்னல்னா தீர்ப்புகளைத் தொகுத்துப் போடற புத்தகம், குழப்பம்தான் வரும். சட்ட சஞ்சிகைன்னு இலங்கை வழக்கத்துல சொல்லலாம், தப்பில்ல, ஆராய்ச்சிங்கிறது மட்டும் விட்டுப்போகும். என் ஓட்டு சட்ட ஆய்விதழுக்கு. இதழ்ங்கிறதால பத்திரிகைன்னு தெரிஞ்சுடும், ஆய்வுங்கிறதால விமர்சனத்தோடயோ சீராய்வு மனுவோடயோ யாரும் கலக்க மாட்டாங்க. முதல் தடவை எழுதறப்ப "மாணவர்கள் நடத்தும் சட்ட ஆய்விதழ்"னு நீட்டி எழுதிட்டா போதும். நம்மகிட்ட இதுக்கு நெருக்கமா ஒண்ணு இருக்குன்னா, இலங்கைச் சட்டக் கல்லூரில சட்ட மாணவர் தமிழ் மன்றம் வெளியிடற நீதிமுரசைச் சொல்லலாம், அதுவும் மாணவர் கைலதான்.

பத்திரிகை பேரை மட்டும் மொழிபெயர்க்காதீங்க, ஹார்வர்டு லா ரிவ்யூ அப்படியே இருக்கட்டும், இல்லன்னா தேடறவங்களுக்குக் கெடைக்காது. தீர்ப்புல '4 ஹார்வ். எல். ரெவ். 193'ன்னு பாத்தீங்கன்னா, நாலாவது தொகுதி, கட்டுரை ஆரம்பிக்கிறது 193-ஆம் பக்கம். வாரனும் பிராண்டைஸும் எழுதினது அங்கதான் இருக்கு.