சூப்பர் ஹீரோ: வரம் வாங்கியவனுக்கு என்ன பெயர்?

போன தை மாதம் கானாடுகாத்தானில் எங்கள் ஆச்சி வீட்டில் சாந்தி. (எங்கள் பக்கம் ஆச்சி என்றால் அக்கா, சாந்தி என்றால் அறுபதாம் கல்யாணம். வெளியூர்க்காரர்கள் குழம்பிவிடக் கூடாது.) வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டில் அன்று ராத்திரி தலை வைக்க இடமில்லை. பட்டாலையில் ஜமக்காளம் விரித்துப் படுத்த பையன்கள் மட்டும் தூங்கவில்லை. நடுவில் ஒரு தாள். பந்திக் கணக்கு எழுதியதன் பின்பக்கம். அதில் 'டாப் டென் சூப்பர் ஹீரோ படங்கள்' என்று தலைப்புப் போட்டு அடிக்கோடும் இழுத்திருந்தார்கள்.

ஒன்று, தி டார்க் நைட். இரண்டு, ஸ்பைடர்மேன் 2. மூன்று, இன்ஃபினிட்டி வார். நான்கு, லோகன். ஐந்தாவதில் வண்டி நின்றுவிட்டது. சென்னையிலிருந்து வந்தவன் மின்னல் முரளி என்கிறான், சிங்கப்பூர்க்காரன் பிளாக் பாந்தர் என்கிறான். அந்த நேரம் பார்த்து, காரைக்குடியில் கல்லூரியில் படிக்கிற சின்னவன் முதல் இடத்திலேயே கை வைத்தான்.

"பேட்மேன் எப்படிடா சூப்பர் ஹீரோ? பறக்கிறானா? கண்ணுல தீ வருதா? காசு இருக்கு, கருவி வாங்குறான். அப்படிப் பாத்தா பர்மாவுல கடை வச்சிருந்த நம்ம ஐயாமார் எல்லாம் பேட்மேன்தான்."

பட்டாலையே அதிர்ந்து சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், "அம்மான், நீங்க சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பினார்கள். பழைய காமிக்ஸை மூட்டை கட்டி வைத்திருக்கும் ஒரே ஆள் நான் என்பதால் வந்த மரியாதை.

அவர்கள் கேட்டது படத்தைப் பற்றி. ஆனால் சண்டை சொல்லைப் பற்றியது. 'சூப்பர் ஹீரோ' என்றால் யார் என்று தீர்க்காமல் பட்டியல் போட்டால் விடியும்வரை போட வேண்டியதுதான்.

சொல்லின் பின்பாதியை முதலில் எடுத்துக்கொள்வோம். 'ஹீரோ' கிரேக்கத்தில் பிறந்து, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். கிரேக்கர்களுக்கு ஹீரோ என்பவன் சண்டைக்காரன் மட்டுமல்ல. செத்த பிறகு சமாதியில் படையல் வாங்குகிறவன். நமக்கு இது புதிதில்லை. போரில் விழுந்தவனுக்குக் கல் தேடிப் பார்ப்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படைத்து, வாழ்த்துவதுவரை தொல்காப்பியம் வரிசையாகச் சொல்கிறது. நடுகல்லுக்குப் படைப்பு வைத்தவனிடம் போய் 'ஹீரோ' என்றால் யார் என்று சொல்லியிருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பான். பிற்பாடு ஆங்கிலத்தில் அந்தச் சொல் நீர்த்துப்போய், கதையில் முதன்மையாக வருகிறவன் எவனும் ஹீரோ என்றாயிற்று. நம் வாய்க்கு வந்தது இந்த நீர்த்த பொருள்தான்; சினிமா கொண்டுவந்து சேர்த்தது.

அதற்கு முன் இங்கே ஆட்சி செய்த சொல் 'ராஜபார்ட்'. இன்றைக்கும் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நாடகம் வைத்தால், ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், பபூன் யார் என்றுதான் விசாரிப்பார்கள். ராஜாவும் பார்ட்டும் சேர்ந்த கலப்படம்தான், ஆனாலும் ஊர் ஏற்றுக்கொண்ட கலப்படம். திருடன் வேஷத்துக்குக் 'கள்ளபார்ட்' என்று பெயர். மார்வெல் படத்து லோக்கிக்கு இதைவிடப் பொருத்தமான பட்டம் கிடைக்காது.

புலவர்களிடம் போனால் 'தலைவன்'. அதிலும் நுணுக்கம் உண்டு: பாட்டு யாரைப் புகழ்கிறதோ அவன் பாட்டுடைத் தலைவன், அகப்பாட்டில் காதலனாக வருகிறவன் கிளவித் தலைவன். பெருங்காப்பியத்துக்கு இலக்கணம் சொல்லும் தண்டியலங்காரம், அதற்குத் 'தன்னிகர் இல்லாத் தலைவன்' வேண்டும் என்கிறது. சூப்பர் ஹீரோவுக்கு இதையே வைத்துக்கொள்ளலாமே என்று ஒருகாலத்தில் நினைத்தேன். அவெஞ்சர்ஸ் பார்த்ததும் அந்த நினைப்பைக் கைவிட்டேன். ஒரே படத்தில் ஆறு தன்னிகரில்லாத் தலைவர்கள் நின்றால் தண்டி என்ன செய்வார்?

இனி முன்பாதி. லத்தீனில் 'சூப்பர்' என்றால் மேல், மேற்பட்ட. தத்துவஞானி நீட்சே ஜெர்மனில் சொன்ன, தமிழில் 'அதிமனிதன்' என்று எழுதப்படும் கருத்தை ஆங்கிலத்தில் 'சூப்பர்மேன்' ஆக்கிப் பரப்பியது 1903-ல் வந்த பெர்னாட் ஷாவின் நாடகம். நீலச் சட்டையும் சிவப்புப் போர்வையுமாக நமக்குத் தெரிந்த சூப்பர்மேன், ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் உண்டாக்கி, ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் வெளிவந்தது 1938-ல். மறு வருஷமே பேட்மேன் வந்துவிட்டான். 'சூப்பர் ஹீரோ' என்ற சொல் இவர்களுக்கெல்லாம் மூத்தது, இருந்தும் அதற்குப் பட்டா வாங்கியவர்கள் அமெரிக்கக் காமிக்ஸ் கம்பெனிகளான டிசியும் மார்வெலும். இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து அதை வணிகக் குறியாகப் பதிந்து பல பத்தாண்டுகள் கையில் வைத்திருந்தார்கள். 2024 செப்டம்பரில்தான் அமெரிக்காவில் அந்தப் பதிவு ரத்தானது. பொதுச்சொல்லுக்கு வேலி போட்ட கதை.

தமிழில் சூப்பருக்கு வேறு கதி நேர்ந்தது. 'மேல்' என்ற பொருள் உதிர்ந்து 'நன்று' என்ற பொருள் மட்டும் தங்கிவிட்டது. ரசம் சூப்பர், கோலம் சூப்பர், மாப்பிள்ளை சூப்பர். அதனால் நம் காதில் 'சூப்பர் ஹீரோ' என்பது 'நல்ல ஹீரோ' என்றும் விழும். யாராவது ஒரு சினிமா நடிகரைச் 'சூப்பர் ஹீரோப்பா' என்றால், அவர் பறக்கிறார் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

சரி, தமிழில் இவர்களை முதலில் அச்சிட்டவர்கள் என்ன பெயர் வைத்தார்கள்? இங்கேதான் எனக்கு ருசி.

சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழாக வந்தது இரும்புக்கை மாயாவி. ஆங்கிலேயக் கதை, உலோகக் கை பொருத்திய ஒருவன், மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடையொன்றில், எனாமல் தூக்குவாளிகளுக்கு நடுவே அப்படி ஒரு மாயாவி இதழ் எனக்குக் கிடைத்தது. பின் துருப்பிடித்து, கடைசித் தாள் இல்லாமல் இருந்தது. அந்தக் கதையின் முடிவு தெரியாமல் எட்டு வருஷம் இருந்தேன்.

பிறகு ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவி வந்தார். இது வேறு ஆள். 1936-ல் பிறந்த அமெரிக்க ஃபேன்டம். அதே ஃபேன்டம் சிவகாசிப் பதிப்பில் 'வேதாளர்'. ஆக ஒரு பெயருக்கு இரண்டு ஆள், ஒரு ஆளுக்கு இரண்டு பெயர். என் வயசுக்காரர்களிடம் 'மாயாவி' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், எந்த மாயாவி என்று கேட்பார்கள். கேட்காதவர் காமிக்ஸ் படிக்காதவர்.

இந்தப் பெயர்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தட்டுப்படும். இராமாயணத்தில் மாயாவி என்பவன் வாலியோடு சண்டைக்கு வந்து பிலத்துக்குள் ஓடி ஒளிந்த அசுரன். வேதாளம், முருங்கை மரத்துச் சங்கதி. (ஃபேன்டம் ஆங்கிலத்திலும் பேய்தான். ஆனாலும் பேய்க்கு 'ர்' விகுதி போட்டு மரியாதை கொடுத்தது நாம்தான்.) பத்திரிகைகளில் அடிபடும் 'அசகாய சூரன்' என்பதையும் பாருங்கள். வடமொழியில் சூரன் என்றால் வீரன். தமிழிலோ 'சூர்' என்றால் அஞ்சவைப்பது. இரண்டும் நம் காதில் கலந்துவிட்டன. கந்த சஷ்டிக்குக் குன்றக்குடி போய்ச் சூரன் யார் என்று ஒரு குழந்தையைக் கேளுங்கள், வேல் பாய்வதற்காக வந்து நிற்கிறவனைக் காட்டும்.

நாயகர்களுக்குப் பெயர் தேடப்போனவர்கள் அசுரன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. நம் கதைகளில் அளவுக்கு மீறிய ஆற்றல் பெரும்பாலும் எதிராளியிடம் இருக்கும். இரணியன், இராவணன், சூரபத்மன் எல்லாரும் தவம் செய்து வரம் வாங்கியவர்கள். 'சூப்பர் பவர்' என்பதற்கு நேர்த் தமிழ் 'வரம்'. தலைவனுடைய வேலை, அந்த வரத்தில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்து அடிப்பது. ஆற்றலையும் தலைமையையும் ஒரே ஆளின் தலையில் ஏற்றி, அவன் மனுஷன்தான், சாமி இல்லை என்றும் சொல்லும் வழக்கம் இங்கே குறைவு. அனுமன் இல்லையா என்று கம்பன் கழகத்து ஊர்க்காரர்கள் கேட்கலாம். இருக்கிறார், ஆனால் அவரைச் சாமி என்று கும்பிடுகிறோம், அங்கேயே கணக்கு முடிந்துவிடுகிறது.

அமெரிக்கக் கதைகள் இந்த வரத்தைத் தவமில்லாமல் கொடுத்துவிட்டன. சிலந்தி கடித்தால் வரம், ஊசி போட்டால் வரம். சூப்பர்மேனுக்கு நம் மஞ்சள் சூரியன்தான் பலம். அவன் கர்ணன் வகையறா. மின்னல் முரளி எனக்குப் பிடிப்பதற்குக் காரணமும் இதுதான். ஒரே மின்னல் இரண்டு பேர் மேல் விழுந்து இரண்டு பேருக்கும் ஒரே வரத்தைக் கொடுக்கிறது. ஒருவன் ஹீரோ, இன்னொருவன் வில்லன். 2023-ல் வந்த வீரன் படத்தில் மின்னல் தாக்கியவன் ஊர்க் காவல் தெய்வத்தின் பெயரை எடுத்துக்கொண்டு இறங்குகிறான். படம் சுமார்தான், யோசனை சுமாரில்லை. எல்லையில் குதிரையேறி அரிவாளோடு நிற்கும் கருப்பருக்கு நோக்கம், ஆற்றல், அடையாளம் மூன்றும் உண்டு. பீட்டர் கூகன் என்ற ஆய்வாளர் சூப்பர் ஹீரோவுக்குச் சொல்லும் இலக்கணமும் அதே மூன்றுதான்.

இப்போது சொல்லாக்கத்துக்கு வருவோம். தமிழ் விக்கிப்பீடியா 'மீநாயகன்' என்று எழுதுகிறது. 'மீ' நல்ல முன்னொட்டு. மேல் என்று பொருள். மீத்திறன் கணினி, மீக்கடத்தி என்று அறிவியலில் புழங்குகிறது. பள்ளி ஆசிரியர்கள் 'மீத்திறன் மாணவர்' என்று நாள் தவறாமல் சொல்கிறார்கள். மீசைகூட இந்த வேரில் முளைத்ததுதான். உதட்டுக்கு மேலே இருப்பது. பெண்ணுக்கு 'மீநாயகி', வகைக்கு 'மீநாயகப் படம்' என்று தடங்கலில்லாமல் நீளும். குறை ஒன்றே ஒன்று. அன்று ராத்திரி நான் இந்தச் சொல்லைச் சொன்னதும் சிங்கப்பூர்க்காரன் கேட்டான்: "மீன் நாயகனா? அக்வாமேனா?"

வாயில் சொல்லும்போது இந்த இடறல் இருக்கத்தான் செய்யும். எழுத்தில் இல்லை.

'மாவீரன்' வேண்டாம். அதை நெப்போலியனுக்கும் சுவரொட்டிகளுக்கும் கொடுத்துவிட்டோம். 'அதிநாயகன்' இருபுறமும் வடசொல். அதற்கு மீநாயகன் பாதியாவது தேவலை. 'பெருமான்' என்று ஒரு சொல் இருக்கிறது, கவனித்தீர்களா? பெருமகன் என்பதுதான் பெருமான் ஆயிற்று, சேரமகன் சேரமான் ஆனதுபோல. எழுத்துக்கு எழுத்து சூப்பர்மேன்! ஆனால் அது கோயிலுக்குள் போய் வெகுகாலம் ஆகிறது; 'சிலந்திப் பெருமான்' என்றால் சைவர்கள் சும்மா விடமாட்டார்கள். (சக்திமானில் இருக்கும் 'மான்' இது இல்லை, இங்கிலீஷ் 'மேனும்' இல்லை. அது 'உடையவன்' என்னும் வடமொழி விகுதி. சக்தியை உடையவன் சக்திமான், ஸ்ரீயை, அதாவது திருவை, உடையவன் சீமான்.)

என் தீர்ப்பு இது. பேச்சில் சூப்பர் ஹீரோவே இருக்கட்டும், அதைத் துரத்த முடியாது. எழுதும்போது, ஆற்றல் வாய்த்தவர்களுக்கு மீநாயகன், மீநாயகி. ஆற்றல் இல்லாமல் உடம்பையும் மூளையையும் காசையும் வைத்துச் சமாளிக்கிறவனுக்கு அசகாய சூரன் பொருந்தும். துணை வேண்டாத வீரன் என்பது அதன் நேர்ப்பொருள்.

"பேட்மேனுக்குத் துணைக்கு ராபின் இருக்கானே அம்மான், ஆல்ஃபிரட் இருக்காரே" என்றான் சின்னவன்.

டார்க் நைட்டில் ராபின் கிடையாது என்று சென்னைக்காரன் பாய்ந்தான். ஆல்ஃபிரட் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர், துணைக் கணக்கில் வரமாட்டார் என்று சிங்கப்பூர்க்காரன் எடுத்துக் கொடுத்தான். கடைசியில் தாளை நடுவில் கோடு கிழித்து இரண்டாக்கினார்கள். இடப்பக்கம் 'வரம் வாங்குனவங்க', வலப்பக்கம் 'வாங்காதவங்க'. பேட்மேன் வலப்பக்கத்தில் முதலிடத்துக்குப் போனான். ஸ்பைடர்மேன் இடப்பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். அயர்ன் மேன் எந்தப் பக்கம் என்று ஆரம்பித்தபோது மணி இரண்டு. காய் நறுக்க இடம் வேண்டும், எந்திரிங்க தம்பி என்று சமையல் ஆட்கள் வந்து நின்றார்கள்.

விடிந்து பார்த்தபோது தாள் பட்டாலைத் தூணோரம் கிடந்தது. யாரோ அதன் மேல் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டு, சுண்ணாம்புக் கையையும் துடைத்திருந்தார்கள். ஐந்தாம் இடத்தில் என்ன எழுதியிருந்தது என்று படிக்க முடியவில்லை.